காருக்குப் பின்னாடி ஒரு கொக்கி: வீட்டிலேயே மாட்டலாமா?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு இரும்புத் துண்டைப் பத்தித்தான். காருக்குப் பின்னாடி டிரெய்லர் இழுக்கறதுக்கு மாட்டுற கொக்கி. "டோ ஹிட்ச்"னு கடையில சொல்லுவாங்க, பட்டறையில போய் "கொக்கி"னு சொன்னாலே போதும், புரிஞ்சுரும்.

இதைப் பத்திப் பேசணும்னு தோணினதுக்குக் காரணம் நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வி. ஊரு கம்பம் பள்ளத்தாக்கு, வேலை சென்னையில. அப்பா சின்னமனூர் பக்கம் கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் திராட்சைப் பந்தலும் பார்த்துக்கிட்டு இருக்கார். உர மூட்டை எடுத்துட்டு வரணுமா, சொட்டுநீர் பைப் கொண்டு போகணுமா, மருந்தடிக்கிற டேங்கை ஒரு வயல்லருந்து இன்னொரு வயலுக்கு மாத்தணுமா, எல்லாத்துக்கும் வாடகை வண்டி. அறுப்பு நேரத்துல அந்த வண்டியும் கிடைக்காது. வீட்டு வாசல்ல ஒரு எஸ்யூவி சும்மா நிக்குது. "பின்னாடி ஒரு கொக்கி போட்டா ஒரு சின்ன டிரெய்லரை இழுத்துடலாமேண்ணே. கிட் ஆன்லைன்ல கிடைக்குது, ஸ்பேனர் செட் வீட்டுல இருக்கு. தீபாவளி லீவுல நானும் தம்பியும் சேர்ந்து மாட்டிடலாமா?"

சுருக்கமான பதில்: மாட்டலாம். போல்ட் முடுக்கத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு அது அரை நாள் வேலை. ஆனா மாட்டுறது இதுல ஈஸியான பாதி. அந்தக் கொக்கியை நம்பி அரை டன் பாரத்தை ஏத்திக்கிட்டு மேட்டு ரோட்டுல இறங்குறதுதான் கஷ்டமான பாதி. இன்னைக்கு ரெண்டையும் பேசிடுவோம்.

ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி

முதல்ல எடுக்க வேண்டியது கார் வாங்கும்போது குடுத்த புத்தகம். ஓனர்ஸ் மேனுவல். நம்மள்ல பாதிப் பேர் அதோட பிளாஸ்டிக் கவரையே பிரிச்சிருக்க மாட்டோம். அதுல "டோயிங்"னு ஒரு பக்கம் இருக்கும். இந்த வண்டி எவ்வளவு எடையை இழுக்கலாம்னு அங்க போட்டிருக்கும். பல வண்டிகளுக்கு ரெண்டு நம்பர் இருக்கும். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒண்ணு, பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒண்ணு. ரெண்டாவது நம்பர் ரொம்பச் சின்னதா இருக்கும். ஏன் அப்படின்னு மேட்டு ரோட்டைப் பத்திப் பேசும்போது சொல்றேன்.

சில கார்களோட புத்தகத்துல "இந்த வண்டியில டிரெய்லர் இழுக்காதீங்க"னே எழுதியிருக்கும். அப்படி இருந்தா கேள்வி அங்கேயே முடிஞ்சுபோச்சு. கிட் விக்கிறவர் என்ன சொன்னாலும் சரி, நம்ம ஊருல பத்துப் பேர் மாட்டியிருந்தாலும் சரி.

ஏன் கார் மாடலைப் பொறுத்து இவ்வளவு மாறுதுன்னா, அடியில இருக்கிற உடம்பு வேற வேற. பொலேரோ, ஸ்கார்பியோ, தார் மாதிரி வண்டிகளுக்கு அடியில ஏணி மாதிரி ஒரு சட்டம் ஓடும். லேடர் ஃப்ரேம். லாரிக்கு இருக்கிற மாதிரிதான், அளவு சின்னது. கொக்கியை அந்தச் சட்டத்துல புடிச்சா இழுவை நேரா சட்டத்துக்குப் போகும். ஸ்விஃப்ட், கிரெட்டா மாதிரி கார்களுக்குத் தனியா சட்டம் கிடையாது. உடம்பே சட்டம். மோனோகாக்னு சொல்லுவாங்க. அதுலயும் கொக்கி மாட்ட முடியும், வெளிநாட்டுல நிறையப் பேர் மாட்டுறாங்க. ஆனா எந்த இடத்துல புடிக்கணும்ங்கறதைக் கம்பெனி சொல்லியிருக்கணும். பம்பரைத் தாங்குற தகட்டுல நாலு ஓட்டை போட்டு மாட்டினீங்கன்னா, டிரெய்லர் அங்கேயே நிக்கும், பம்பர் மட்டும் உங்ககூட வரும்.

பேப்பர்

அடுத்தது சட்டம். போரடிக்கும்னு தாண்டிப் போயிடாதீங்க. ஒரு விபத்து நடந்தா குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவரக்கூடியது இந்தப் பகுதிதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-ஆவது பிரிவு வண்டியை மாத்தி அமைக்கிறதைப் பத்திப் பேசுது. பதிவுப் புத்தகத்துல இருக்கிற விவரம், கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை ரொம்பக் கறாராச் சொல்லிடுச்சு. அந்த வழக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுலருந்து போனது. அதுக்கும் முன்னாடி, 2017 டிசம்பர்ல மத்திய அரசு முன்னாடி மாட்டுற கிராஷ் கார்டு மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிச்சு. கம்பெனி வடிவமைக்காத இரும்பை வண்டியில தொங்க விட்டா மோதலோட அடி நேரா சட்டத்துக்குப் போகும், ரோட்டுல நடக்கிறவங்களுக்கும் ஆபத்துங்கறதுதான் காரணம். பின்னாடி கொக்கிக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அதனால கார் கம்பெனியே அந்த மாடலுக்குனு தர்ற கொக்கி, இல்லைன்னா அவங்க எழுத்துல ஒத்துக்கிட்ட கொக்கி, இதுதான் நம்பி வாங்கக்கூடியது. வாங்கறதுக்கு முன்னாடி தேனி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொக்கியோட விவரத்தைக் காட்டி எழுத்துல கேளுங்க. வாய்மொழியா "பரவால்ல தம்பி, மாட்டிக்கோங்க"ன்னு யார் சொன்னாலும் அது நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் முன்னாடி செல்லாது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒண்ணு: டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டி. அதுக்கும் தனியா ரெஜிஸ்ட்ரேஷன், தனி நம்பர். இழுக்கிற வண்டியோட நம்பரும் டிரெய்லருக்குப் பின்னாடி தெரியணும்னு சட்டத்துல 61-ஆவது பிரிவு சொல்லுது. பட்டறையில ஆங்கிள் வாங்கி, பழைய கார் ஆக்ஸிலை வெச்சு அடிச்ச டிரெய்லர் பார்க்க எவ்வளவு அழகா இருந்தாலும், நம்பர் இல்லாம ரோட்டுக்கு வந்தா அது வண்டியே இல்லை. காப்பீட்டுலயும் டிரெய்லரைச் சேர்க்கச் சொல்லி எழுதி வாங்கிடுங்க.

இன்னொண்ணு. உங்க தோட்டத்து உரத்தை நீங்க இழுக்கிறது வேற, பக்கத்துத் தோட்டக்காரர் "எனக்கும் ஒரு நடை அடிச்சுக் குடு மாப்ள, டீசல் காசு தர்றேன்"னு சொல்லி நீங்க இழுக்கிறது வேற. வெள்ளை போர்டு வண்டியில வாடகைக்கு ஓட்டினா காப்பீடு கைவிடறதுக்கு அதுவே ஒரு காரணமாப் போயிடும். ஊருல "முடியாது"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் முதல்லயே சொல்றேன்.

நுகத்தடி சொல்லிக் குடுத்த பாடம்

நான் வளர்ந்தது உத்தமபாளையம் பக்கம். எங்க தாத்தாகிட்ட வண்டி மாடு இருந்துச்சு. பாரம் ஏத்தும்போது அவர் வாயில எப்பவும் வர்ற ரெண்டு வார்த்தை: முன்பாரம், பின்பாரம்.

ரெண்டு சக்கர வண்டியில அச்சுக்கு முன்னாடி எடை அதிகமாப் போனா முன்பாரம். நுகத்தடி மாட்டோட கழுத்தை அமுக்கும். மாடு ரெண்டு மைல் போறதுக்குள்ள சோர்ந்துரும். அச்சுக்குப் பின்னாடி எடை கூடினா பின்பாரம். வண்டி பின்னாடி சாய்ஞ்சு, ஏர்க்கால் மேல தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டோட கழுத்தை நெரிக்கும். ரெண்டுமே ஆகாது. கொஞ்சூண்டு முன்பாரம் இருக்கணும். நுகம் கழுத்துல பதிஞ்சு உக்காரணும், ஆனா அழுத்தக் கூடாது. ஏத்தி முடிச்சதும் ஏர்க்காலை ஒரு கையால தூக்கிப் பார்த்துட்டு, "அந்த ஒரு மூட்டையைப் பின்னாடி தள்ளு"ம்பாங்க. அவ்வளவுதான் அளவு.

இன்னைக்கு இன்ஜினியரிங் புத்தகத்துல "டங் வெயிட்"னு பக்கம் பக்கமா எழுதியிருக்கிறது இதைத்தான். டிரெய்லரோட மூக்கு கொக்கி மேல எவ்வளவு எடையோட உக்காருதுங்கற கணக்கு. அமெரிக்காவுல டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கியில உக்காரணும்னு சொல்லுவாங்க. ஐரோப்பாவுல அதைவிடக் குறைவா வெச்சுக்கறாங்க. ஆனா அங்க டிரெய்லரோட வேகத்துக்கும் கட்டுப்பாடு அதிகம். எதுவா இருந்தாலும் உங்க மேனுவல்ல கொக்கி மேல வைக்கக்கூடிய அதிகபட்ச எடைன்னு ஒரு நம்பர் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 500 கிலோ. அதுல 10 சதவீதம், 50 கிலோ கொக்கி மேல. உங்க காரோட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 2.4 மீட்டர். கொக்கி பின் சக்கரத்துக்கு 1.2 மீட்டர் பின்னாடி இருக்கு. சீசா விளையாட்டு மாதிரிதான். அந்த 50 கிலோ பின் ஆக்ஸில்ல 75 கிலோவா இறங்கும், முன் ஆக்ஸில்லருந்து 25 கிலோவைத் தூக்கிரும். முன் சக்கரம்தான் ஸ்டீரிங், முன் சக்கரம்தான் பெரும்பாலான பிரேக். அதுலருந்து எடை போகுது. அதனாலதான் முன்பாரம் அதிகமானா வண்டி "லேசா" ஓடுற மாதிரி தெரியும். அது நல்ல லேசு இல்லை.

பின்பாரம் இதைவிட மோசம். மூக்கு மேல தூக்கினா பின் சக்கரத்தோட பிடி குறையும், டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் பெருசாகும், ஒரு கட்டத்துல காரையே ஆட்டும். அந்த நேரத்துல பிரேக்கை ஓங்கி மிதிக்கிறதும், ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணப் பார்க்கிறதும் ஆட்டத்தை அதிகப்படுத்தும். ஸ்டீரிங்கை நேராப் புடிச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டர்லருந்து காலை மெதுவா எடுங்க. தன்னால அடங்கும். அடங்கினதும் ஓரமா நிறுத்தி, பாரத்தை முன்னாடி மாத்துங்க.

அளந்து பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிரெய்லரைச் சமதரையில நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, மூக்குக்கு அடியில ஒரு கட்டை, கட்டைக்கு அடியில குளியலறை எடை மெஷின். கட்டையோட உயரம், காரில் மாட்டும்போது மூக்கு இருக்கிற உயரமாவே இருக்கணும். மெஷின்ல வர்ற நம்பர்தான் உங்க முன்பாரம். பாரத்துல பத்துல ஆறு பங்கு அச்சுக்கு முன்னாடி வெச்சு ஆரம்பிச்சா பெரும்பாலும் சரியா வரும். கனமான உர மூட்டை அச்சுக்குப் பக்கத்துல, கீழ. பைப்பு மாதிரி நீளமான சாமான் பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா அது பின்பாரம்னு மறந்துடாதீங்க. மருந்து டேங்குல பாதி தண்ணி வெச்சு இழுக்காதீங்க. ஒண்ணு நிரப்புங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க. பாதித் தண்ணி வளைவுல வளைவுல பாரத்தை இடம் மாத்திக்கிட்டே இருக்கும்.

கொக்கியோட உயரமும் முக்கியம். இதுக்கு உலகத்துலயே பெரிய பாடம் டிராக்டர். ஆரம்பகால டிராக்டர்கள்ல கலப்பை மண்ணுக்குள்ள ஒரு பாறையில மாட்டிக்கிச்சுன்னா, டிராக்டரோட முன்பக்கம் தூக்கி, பின்னாடி கவிழ்ந்து ஓட்டுறவர் மேலயே விழுந்த சம்பவங்கள் உண்டு. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1926-ல காப்புரிமை வாங்கின மூணு புள்ளி இணைப்பு அந்த விசையையே திருப்பி விட்டுச்சு. 1938-ல ஹென்றி ஃபோர்டோட கைகுலுக்கிப் போட்ட ஒப்பந்தத்துல அது உலகம் முழுக்கப் பரவுச்சு. நம்ம பக்கம் ரோட்டுல ஓடுற மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்ல இருக்கிற ஃபெர்குசன் அவர்தான். சாரம் இதுதான்: எங்க கட்டுறோங்கறது, எதால கட்டுறோங்கற அளவுக்கு முக்கியம். உங்க காருக்கும் டிரெய்லர் மாட்டின பிறகு தரைக்கு மட்டமா நிக்கணும். மூக்கு மேல பார்த்தும் இருக்கக் கூடாது, கீழ குத்தியும் இருக்கக் கூடாது.

இப்ப மாட்டலாம்

பேப்பர் சரி, கிட் சரி. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஆரம்பிங்க. வண்டியைச் சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை. உயரமான எஸ்யூவின்னா தூக்காமலே அடியில போயிடலாம். தூக்கணும்னா ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள படுக்காதீங்க. ஜாக்கி தூக்கறதுக்கு, ஸ்டாண்டு தாங்கறதுக்கு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு கிடையாது, அழுத்தத்துல சட்டுனு உடையும்.

ஸ்டெப்னி கீழ தொங்கினா முதல்ல இறக்கிடுங்க. சட்டத்துல கொக்கிக்குனு ஓட்டை பெரும்பாலும் முன்னாடியே இருக்கும். ரப்பர் மூடியை எடுத்துட்டு, கம்பி பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சு, துருவை விடுவிக்கிற ஸ்பிரே அடிச்சு கொஞ்ச நேரம் விடுங்க. அந்த நேரத்துல ஒரு டீ. சைலன்சர் குறுக்க வந்தா அதைத் தாங்குற ரப்பரைச் சோப்புத் தண்ணி தடவிக் கழட்டினா கொஞ்சம் கீழ இறங்கும். அதை அந்தரத்துல தொங்க விடாம ஒரு கயிறு கட்டித் தாங்குங்க.

கொக்கிச் சட்டம் கனமானது. தனியா தூக்கப் பார்க்காதீங்க. ஒருத்தர் தாங்க, இன்னொருத்தர் போல்ட்டை மாட்டணும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலயே மாட்டுங்க. ஒரு போல்ட்டை முழுசா முடுக்கிட்டீங்கன்னா எதிர்ப் பக்கத்து ஓட்டை நேரா வராது. கையால நாலு மரை போகலைன்னா எங்கயோ கோணல்னு அர்த்தம். ஸ்பேனரால அழுத்தாதீங்க, கழட்டித் திரும்ப மாட்டுங்க.

போல்ட் தலையைப் பாருங்க. 8.8 அல்லது 10.9னு பொறிச்சிருக்கும். அது சும்மா நம்பர் இல்லை. 12 மில்லிமீட்டர் போல்ட் ஒண்ணு 8.8 தரமா இருந்தா அறுபடறதுக்கு 6 டன்னுக்கு மேல இழுவை வேணும். அதே அளவுல சாதாரண 4.6 தரம் அதுல பாதிக்கே அறுந்துரும். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதனால கிட்டோட வந்த போல்ட் ஒண்ணு தொலைஞ்சா "ஹார்டுவேர் கடையில இதே சைஸ் குடுங்கண்ணே"ன்னு வாங்கக் கூடாது. சைஸும் தரமும் சேர்த்துச் சொல்லி வாங்கணும்.

கடைசியா முடுக்க டார்க் ரெஞ்ச் வேணும். எவ்வளவு டார்க்னு கிட் தாள்ல போட்டிருக்கும், அதுதான் கணக்கு. "நல்லா இறுக்கிட்டேன்"ங்கறது ஒரு அளவு இல்லை. குறைவா இறுக்கினா அதிர்வுல கழண்டுரும், அதிகமா இறுக்கினா மரை நீண்டு பலம் போயிரும். ரெஞ்ச் விலைக்கு வாங்க வேண்டாம், தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்க. முடுக்கின ஒவ்வொரு போல்ட்டுலயும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வையுங்க. கோடு நகர்ந்தா போல்ட் நகர்ந்திருக்கு. முதல் நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை ரெஞ்ச் வெச்சுப் பாருங்க.

இங்க ஒரு விஷயம். நம்ம ஊருல பட்டறைக்காரர் "எதுக்குத் தம்பி போல்ட்டு, நாலு டாக் அடிச்சு முழு வெல்டிங் போட்டுடறேன், ஆயுசுக்கும் வராது"ம்பார். அவர் டிராக்டர் டிரெய்லருக்குப் போடுற வெல்டிங் பிரமாதமா இருக்கும், மறுக்கலை. ஆனா இன்னைக்குக் கார்ல வர்ற பலமான மெல்லிசுத் தகடு, சூட்டுல பட்ட இடத்தைச் சுத்தித் தன்னோட பலத்தை இழக்கும். விரிசல் வெல்டிங்ல வராது, வெல்டிங்குக்குப் பக்கத்துல வரும். அண்ணே, வேண்டாம்ணே, கம்பெனி ஓட்டையிலயே மாட்டிக்கிறேன்னு மரியாதையா சொல்லிட்டு வந்துடுங்க.

உருண்டை விஷயத்துல ஒரு சின்னக் கண்ணி இருக்கு. ஒரு வகை 50 மில்லிமீட்டர், இன்னொரு வகை 2 இஞ்ச், அதாவது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒண்ணுதான் தெரியும். 2 இஞ்ச் மூக்கு 50 மில்லிமீட்டர் உருண்டையில உக்கார்ந்துரும், பூட்டின மாதிரியும் தெரியும், பெரிய பள்ளத்துல துள்ளும்போது கழண்டு வரும். உருண்டையிலயும் மூக்குலயும் பொறிச்சிருக்கிற அளவு ரெண்டும் ஒண்ணா இருக்கணும். பூட்டினதும் டிரெய்லரோட ஜாக்கியால மூக்கைத் தூக்கிப் பாருங்க. காரோட பின்பக்கமும் சேர்ந்து எழும்பினாத்தான் பூட்டு நிஜம்.

கடைசிப் பாதுகாப்பு சங்கிலி. ரெண்டு சங்கிலி, மூக்குக்கு அடியில குறுக்கா, எக்ஸ் மாதிரி மாட்டணும். கொக்கி கழண்டா மூக்கு தரையில குத்தாம அந்தத் தொட்டில்ல விழும். டிராக்டர்ல பின்னுக்குக் கிளிப் தொலைஞ்சுபோய் ஒரு கம்பியை வளைச்சுச் சொருகிட்டு ஓட்டுறதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அந்தக் கம்பிக்குப் பின்னாடி ஓடுறது ரெண்டு டன், அதுக்குப் பின்னாடி டூ வீலர்ல வர்றது யாரோட புள்ளையோ.

லைட்டு

டிரெய்லர் மாட்டினா உங்க காரோட பின் லைட்டு மறைஞ்சுரும். அதனால டிரெய்லருக்கு டெயில் லைட்டு, பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் மூணும் வேலை செய்யணும். இரவுல வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற சிவப்பு ஸ்டிக்கரும் வேணும். ஏழு பின் பிளக் வழியா இணைப்பு குடுப்பாங்க.

புதுக் கார்ல டெயில் லைட் வயரை வெட்டி நேரா இணைக்காதீங்க. வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கும். திடீர்னு ரெண்டு மடங்கு எடுத்தா எச்சரிக்கை விளக்கு எரியும், இண்டிகேட்டர் படபடன்னு அடிக்கும், சில நேரம் அந்த வழியையே அணைச்சுரும். பேட்டரிலருந்து தனியா ஃபியூஸ் வெச்சுக் கரண்ட் எடுத்து, கார் லைட்டுகிட்ட சிக்னலை மட்டும் வாங்கிக்கிற மாட்யூல் கிடைக்குது, அதை வாங்குங்க. வேலைக்கு முன்னாடி பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டணும். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டின இரும்புல தனியா புடிக்கணும். டிரெய்லர் லைட்டு மங்கலா எரிஞ்சா பத்துக்கு எட்டு தடவை எர்த்துதான் காரணம். மாட்டுற வேலையில உங்களுக்குச் சந்தேகம் வர்ற ஒரே இடம் இதுதான்னா, இதை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட விட்டுடுங்க. தப்பே இல்லை.

மேட்டு ரோடு

இப்ப கஷ்டமான பாதி. சின்னமனூர்லருந்து தேனிக்குப் போறது சமதரை. ஆனா நம்ம ஊர்ல எந்த வண்டியும் சமதரையோட நிக்காது. ஏலக்காய்த் தோட்டத்துல சொந்தக்காரர் இருப்பார், குமுளியில ஒரு வேலை இருக்கும், போடிமெட்டுல பழக்கம் இருக்கும். "இந்த ரெண்டு டேங்கை மட்டும் மேல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடா தம்பி"ன்னு ஒரு நாள் கேப்பாங்க.

போடியிலருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். மேல ஏத்துறது இன்ஜின் கவலை. கீழ இறக்குறதுதான் உங்க கவலை. 500 கிலோ டிரெய்லரை ஆயிரம் மீட்டர் இறக்கினா அது விடுற சக்தி எவ்வளவு தெரியுமா? 15 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய குடம் தண்ணி. டிரெய்லருக்குப் பிரேக் இல்லைன்னா அந்தச் சூடு பெரும்பாலும் உங்க காரோட நாலு சக்கரத்துப் பிரேக்குக்குள்ளதான் போகணும். காரோட சொந்தச் சூடு தனி. பிரேக் ரொம்பச் சூடானா பிடி குறையும், பிரேக் ஆயில் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. மேனுவல்ல பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஏன் அவ்வளவு சின்ன நம்பர்னு கேட்டீங்கல்ல, இதான் காரணம்.

அதனால இறக்கத்துல இன்ஜின்தான் பிரேக். ஏறின கியரைவிடப் பெரிய கியர்ல இறங்கக் கூடாது. ரெண்டாவது கியர், தேவைன்னா முதல் கியர், இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடணும். நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் புடிக்கிறதைக் கனவுலயும் நினைக்காதீங்க. பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே வராம, வேகம் கூடும்போது நல்லா ஒரு தடவை மிதிச்சுக் குறைச்சுட்டு விடுங்க. நடுவுல ஆற விடணும்.

வளைவுல இன்னொரு விஷயம்: டிரெய்லரோட சக்கரம் காரோட பாதையில வராது, உள்பக்கம் வெட்டும். கொண்டை ஊசியில கார் தப்பிச்சுரும், டிரெய்லர் தடுப்புச் சுவர்ல ஏறும். அகலமா எடுக்கணும்னா எதிர்ல ஜீப் வரும். காலையிலயும் சாயங்காலமும் தோட்டத்து வேலைக்குப் போற அம்மாக்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் வரிசையா அந்த ரோட்டுலதான் ஏறி இறங்குது. உங்க டிரெய்லர் கழண்டாலோ வழி மறிச்சாலோ அதோட விலையைக் குடுக்கப்போறது உங்க கார் இல்லை, அந்த ஜீப்புல பின்னாடி நெருக்கி உக்கார்ந்து இருக்கிறவங்க. அதனால என் கருத்து தெளிவு: பிரேக் இல்லாத சின்ன டிரெய்லர் பள்ளத்தாக்குக்குள்ள மட்டும். மேட்டு ரோட்டுக்கு வாடகை வண்டியே கூப்பிடுங்க. அந்தக் காசு வீண் இல்லை.

அதே மாதிரி, டிரெய்லர்ல ஆளை ஏத்தாதீங்க. "பக்கத்து வயல்தானே, நாலு பேர் உக்காந்துக்கறோம்"னு வேலைக்கு வர்றவங்களே கேப்பாங்க. சரக்கு டிரெய்லர் சரக்குக்கு. அவங்களைக் கார்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. டிரெய்லர் இழுக்காத நாள்ல உருண்டையைக் கழட்டி டிக்கியில போட்டுடுங்க. பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா நடந்து போறவங்க முட்டியைப் பேக்கும், பின்னாடி யாராவது லேசா இடிச்சாலும் அடி நேரா சட்டத்துக்குப் போகும்.

வாங்கலாமா, வேண்டாமா

எல்லாத்தையும் கேட்டுட்டு "அப்ப வேண்டாம்னு சொல்றியாண்ணே"ன்னு கேப்பீங்க. இல்லை. ஒரு வருஷத்துல எத்தனை நடை, எவ்வளவு எடை, எந்த ரோடுன்னு அப்பாகூட உக்கார்ந்து ஒரு தாள்ல எழுதுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு நடை, 300, 400 கிலோவுக்குள்ள, எல்லாம் சமதரைன்னா கொக்கி நல்ல யோசனை. பேப்பர் வேலைக்கு அலையற அலைச்சல் சேர்த்தும் நல்ல யோசனைதான். மாசத்துக்கு ஒரு நடை, அதுவும் ஒரு டன்னுன்னா வாடகை வண்டிதான் லாபம். நாலைஞ்சு தோட்டக்காரங்க சேர்ந்து ஒரு சரக்கு வண்டியை முறையா வாங்கி மாத்தி மாத்தி ஓட்டுறதும் ஒரு வழி. அதுல கொக்கியே வேண்டாம்.

வாங்கினீங்கன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இந்த வரிசையைக் கையால தொட்டுப் பாருங்க: உருண்டை, பூட்டு, பின், கிளிப், சங்கிலி, பிளக், லைட்டு, டயர் காத்து, முன்பாரம். ரெண்டு நிமிஷம் ஆகும். அவசரமா இருக்கிற அன்னைக்கும் அதே ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

உங்க ஊர்ல யாராவது கார்ல டிரெய்லர் இழுக்கிறாங்கன்னா அனுபவத்தை எங்களுக்கு அனுப்புங்க. பழைய வண்டிக்காரர் யாராவது வீட்டுல இருந்தா, பாரம் ஏத்துறதைப் பத்தி அவர்கிட்ட ஒரு சாயங்காலம் உக்கார்ந்து கேட்டு, ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க.